பழைய பைல்களை ஸ்கேன் செய்ய: ஏஜென்சியா, நம்ம ஆளா?

ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர், பேரணாம்பட்டு என்று எந்தப் பக்கத்துத் தோல் கம்பெனியானாலும் எச்.ஆர். பீரோவைத் திறந்தால் தெரிந்துவிடும். ஒரே பைலில் மங்கிப்போன கார்பன் காப்பி, டி.சி. ஜெராக்ஸ், பி.எஃப். நாமினேஷன், 1972 கிராஜுவிட்டி (பணிக்கொடை) சட்டத்தின் எஃப் பாரம் என்ற நாமினேஷன் தாள், துருப்பிடித்த பின் எல்லாம் கிடக்கும். இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதென்றால் ஏஜென்சியிடம் கொடுக்கலாம், ஸ்கேனர் வாங்கி நம்ம ஆளை உட்கார வைக்கலாம், இல்லை போனிலேயே படம் பிடிக்கலாம்.

வேகத்தில் ஏஜென்சியை அடிக்க முடியாது. பெரிய மெஷின், பழகிய கை. ஆனால் பக்கத்துக்கு இவ்வளவு என்று ரேட் சொல்லும்போதே, பின் பிடுங்குவது, திரும்பக் கோப்பது, பெயர் போட்டுச் சேமிப்பது எல்லாம் அதில் அடக்கமா என்று கேட்டுவிடுங்கள். பில் ஏறுவது அங்கேதான்.

பணத்தைவிடப் பெரிய தலைவலி பெயர். ஒரே ஆள் டி.சி.யில் முன்னால் இனிஷியலோடு இருப்பார், பி.எஃப். பாரத்தில் அப்பா பெயரையும் முழுசாகச் சேர்த்திருப்பார், ஆதாரில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஒரே முகமதுவை இங்கிலீஷில் மூன்று விதமாக எழுதி வைத்திருப்பார்கள். ஏஜென்சிப் பையன் தாளில் உள்ளதை அப்படியே டைப் செய்வான். ஒருவர் மூன்று பேராகிவிடுவார். வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் கிளார்க்குக்கோ ஆளையே தெரியும். கம்பெனி ஊழியருக்குத் தரும் டோக்கன் நம்பரை மட்டும் நம்பினாலும் ஆபத்து, ஆள் நின்றதும் அதே நம்பரைப் புதியவருக்குக் கொடுக்கும் கம்பெனிகள் உண்டு. சேர்ந்த வருஷம், டோக்கன் நம்பர் இரண்டையும் சேர்த்து பைலுக்குப் பெயர் வைப்பது நல்லது. கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணான யூ.ஏ.என். 2014இல்தான் வந்தது, அதற்கு முன்பே கணக்கு முடித்துப் போனவர்களுக்கு அது இருக்காது.

கம்ப்யூட்டரே எழுத்தைப் படித்துவிடும் என்ற பேச்சையும் முழுசாக நம்ப வேண்டாம். அச்சுத் தமிழை ஓரளவு படிக்கும். சூப்பர்வைசர் பேனாவில் கிறுக்கியதைப் படிப்பது வேறு சங்கதி.

நம்ம ஆளே செய்தால் வேலை இழுக்கும், அதுவும் சம்பளத் தேதி நெருங்கினால் ஸ்கேனர் பக்கமே யாரும் போகமாட்டார்கள். நல்ல ஸ்கேனர் நிமிஷத்துக்கு 40 பக்கம் இழுக்கும் என்பார்கள். கார்பன் காப்பித் தாளை அதில் விட்டால் கசங்கிக் கிழியும், கண்ணாடியில் வைத்து ஒவ்வொன்றாகத்தான் எடுக்கணும். படத்தின் தெளிவுக்கு 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும்.

போன்? இன்று சேருகிறவரின் நாலு தாளுக்குச் சரி. பழைய பீரோவுக்கு ஆகாது. ஊழியரின் ஆதார் கிளார்க்கின் கேலரியில் தங்கி, வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பிக்கும். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஏஜென்சி கையிலிருந்து கசிந்தாலும் பதில் சொல்ல வேண்டியது கம்பெனிதான்.

என்னைக் கேட்டால், வேலையில் இருப்பவர்கள் பைல் நம்ம ஆளுக்கு, கணக்கு முடித்துப் போனவர்கள் பைல் ஏஜென்சிக்கு. அதையும் கம்பெனி வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள். முதலில் ஒரு ரேக் மட்டும் கொடுத்து, அதில் சில பைல்களைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம். ஸ்கேன் முடிந்ததென்று கையெழுத்து, கைநாட்டு உள்ள நாமினேஷன் பாரங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். 2024 ஜூலையில் வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும், கம்ப்யூட்டர் நகலைக் கோர்ட்டில் காட்டத் தனியாகச் சான்றிதழ் வேண்டும்.