ட்ரைவர் ஒடஞ்சதுதான் நல்லதாப் போச்சு: ஏழு வருஷ இலங்கை கோல்ஃப் ட்ரிப் அனுபவம்

கோல்ஃப் ட்ரிப்னா நம்ம செட்ல எல்லாரும் தாய்லாந்துதான் போறாங்க. நான் 2017லேர்ந்து இலங்கை. சென்னைலேர்ந்து ஏறி ஜூஸ் குடிச்சு முடிக்கறதுக்குள்ள கொழும்பு வந்துடும், பிப்ரவரி மார்ச்ல அந்தப் பக்கம் மழை கம்மி. 2021ல கொரோனா, 2022ல அங்க பெட்ரோல் க்யூ, அந்த ரெண்டு வருஷம் மட்டும் போகல, ஆக மொத்தம் ஏழு ட்ரிப். என் ஹேண்டிகேப் (ஆட்டத் தரத்தக் காட்டற நம்பர், கம்மியா இருந்தா நல்ல ஆட்டக்காரன்) 22, அதனால இத நல்லா ஆடறவன் எழுதுன ரிவ்யூன்னு நெனச்சுப் படிக்காதீங்க.

மொதல்ல கண்டி பக்கம் திகனயில இருக்கற விக்டோரியா. டொனால்ட் ஸ்டீல் டிசைன், 1999ல தொறந்தது, பார் (நல்லா ஆடறவன் பதினெட்டு ஹோலையும் முடிக்க ஆகற அடிகள்) 73. மூணு பக்கமும் விக்டோரியா நீர்த்தேக்கம், பின்னாடி நக்கிள்ஸ் மலை. அந்தத் தண்ணி சும்மா அழகுக்கு இருக்கற ஏரி இல்ல, 1985ல கட்டி முடிச்ச 122 மீட்டர் அணையோட தண்ணி, பழைய தெல்தெனிய ஊரே அதுக்குள்ள போயிடுச்சு. ரொம்ப வத்துன வருஷத்துல பழைய ஊரோட மிச்சம் வெளிய தெரியும்னு கேடி (பேக் தூக்கிட்டு கூடவே வந்து யோசன சொல்றவர்) சொன்னாரு, அன்னிக்கு முழுக்க எனக்கு பட்டே (குழிக்குள்ள பந்த உருட்டி விடற அடி) சரியா விழல. பிரச்சன என்னன்னா இந்த வியூ ஏமாத்தும். மேட்டு மேல டீல (ஒவ்வொரு ஹோலுக்கும் மொத அடி அடிக்கற எடம்) நின்னா கீழ எல்லாம் பச்சயா, அகலமா, வா வானு கூப்பிடற மாதிரி இருக்கும், நம்ம கை தானா ட்ரைவருக்கு (ரொம்ப தூரம் அடிக்கற பெரிய மட்டை) போகும், பந்து வலது பக்கம் வளஞ்சு புதருக்குள்ள போய் உடும்போட சேந்துடும். 2019ல ரூல் மாத்துனதுலேர்ந்து பந்து தேட 3 நிமிஷம்தான், முன்ன 5 இருந்துச்சு, அந்தப் புதருக்கு 5 நிமிஷமும் பத்தாதுங்கறது வேற விஷயம். மொத மூணு ட்ரிப்ல ஒரு ரவுண்டுக்கு எட்டு ஒம்போது பந்து தொலச்சிருக்கேன்.

வெயில லேசா எடுத்துக்காதீங்க. ஆறரைக்கு டீ ஆஃப் (ஆட்டம் ஆரம்பிக்கற நேரம்) கெடச்சா எடுத்துக்கங்க, ஒம்போது மணி ஆச்சுன்னா பதிமூணாவது ஹோல்ல கால் பின்னும். மத்தியானத்துல ஆடிப் பாத்தேன், ஒரே ஒரு தடவ. முடிச்சுட்டு ரோட்டோரத்துல ஒரு தம்பிலி வெட்டிக் குடிங்க, நம்ம செவ்விளநிதான்.

அப்புறம் நுவரெலியா. கண்டிலேர்ந்து தேயிலத் தோட்டம் வழியா வளஞ்சு வளஞ்சு மூணு மணி நேரம், 1,868 மீட்டர் உசரம், ஸ்வெட்டர் வேணும். வெயில் தேடி வந்த ட்ரிப்ல இது எதுக்குன்னு என் வொய்ஃப் கேட்டா, நியாயமான கேள்வி. 1889ல ஸ்காட்லாந்துக்காரங்க ஆரம்பிச்ச கிளப், ஊருக்கு நடுவுலயே கோர்ஸ். 6,000 கெஜம் கூட வராது, அதப் பாத்து நான் சிரிச்சேன். ஆனா ரெண்டு பக்கமும் ஒசந்த மரம், நடுவுல சந்து மாதிரி ஃபேர்வே (பந்து போக வேண்டிய புல்வெளி). மேல காத்து லேசா இருக்கறதால பந்து வேற கூடப் போகுது, என் ஏழாம் நம்பர் அயர்ன் (இரும்புத் தல வச்ச மட்டை) சென்னைல 135 கெஜம்னா அங்க 145 போகும். நேரா அடிக்கறவனுக்கு அது லாபம், லேசான காத்துல வளைவும் கொஞ்சம் கம்மிதான், ஆனா என்ன மாதிரி வளச்சு அடிக்கறவனுக்கு அந்தச் சந்துல அதுவும் பத்தாது.

2023ல, போற வழில, பேர் வேணாம், ஒரு ஏர்லைன்ஸ்காரன் என் பேக்க எப்படித் தூக்கிப் போட்டானோ ட்ரைவர் ஷாஃப்ட் (மட்டையோட தண்டு) ரெண்டா ஒடஞ்சு வந்துச்சு. க்ளெய்ம் ஃபார்ம், மெயில், மறுபடி மெயில், காசு இன்னும் வரல. அந்தக் கடுப்போடயே நுவரெலியால மொத டீல நின்னேன். கேடி மலையகத் தமிழர், அம்பது வயசுக்கு மேல இருக்கும், என் பேக்கப் பாத்துட்டு "நல்லதாப் போச்சு சேர், இங்க அது வேணாங்க, அஞ்சாம் நம்பர எடுங்க"ன்னாரு. பதினெட்டு ஹோலும் அவர் சொன்னத மட்டும் அடிச்சேன், ஒரே ஒரு தடவ தவிர. மொத்தம் 89 அடி. ஏழு ட்ரிப்ல எல்லா கோர்ஸும் சேத்து என் பெஸ்ட் அதுதான். தொலஞ்சது ஒரே ஒரு பந்து, அதுவும் அவர் பேச்சக் கேக்காத ஒரே ஷாட்.

அம்பாந்தோட்டை ஷாங்ரி-லா கோர்ஸ் இதுக்கு நேர் எதிர். ராட்னி வ்ரைட் டிசைன், பார் 70. தென்னந்தோப்பு, பழைய நீலக்கல் சுரங்க எடம், கடலோர மணல் மேடுன்னு போகப் போக மாறிக்கிட்டே இருக்கும், மயில் க்ரீன் (குழி இருக்கற வழவழப்பான புல்தரை) மேலயே நடக்கும். எடம் அகலம்தான், ஆனா கடல் காத்து. எதிர்காத்துல பந்த ஒசத்தி அடிச்சா அது திரும்பி நம்மளயே பாக்கும். இங்க மட்டும் ட்ரைவர் வச்சிருக்கலாம்னு ஒத்துக்கறேன், ஆனா தாழ்வா மூணாம் வுட் (ட்ரைவர விட சின்ன மட்டை) அடிச்சாலும் நான் பெருசா எதையும் இழக்கல. 2020ல எக்ஸ்பிரஸ்வே அம்பாந்தோட்டை வரைக்கும் வந்துடுச்சு, கொழும்புலேர்ந்து போறது சுலபம்.

கடைசி நாள் ஃப்ளைட் ராத்திரின்னா காலைல ராயல் கொழும்பு. 1879ல காலிமுகத்திடல்ல ஆரம்பிச்ச கிளப், இப்ப பொரளைல இருக்கு. சமதரை, பெரிய வியூன்னு எதுவும் இல்ல, கோர்ஸ் நடுவுல களனிவெளி ரயில் போகும், அவ்ளோதான், ஆனா அது போதும். ஆபீஸ் நேரத்துல ஃபுட்போர்டுல தொங்கறவங்க எல்லாம் நம்ம ஸ்விங்கப் பாப்பாங்க. போன வருஷம் ஒருத்தர் நான் அடிச்சதப் பாத்துட்டு சத்தமா சிங்களத்துல ஏதோ கத்துனாரு, பெட்டி முழுக்க சிரிச்சுது. கேடிகிட்ட என்னன்னு கேட்டேன், கடைசி வரைக்கும் சொல்லல.