பழைய மூணாறில் ராத்திரி மேட்ச் பார்க்க ஒரு சாயாக்கடை

மூணாறில் ராத்திரி நேரத்தில் கால்பந்து மேட்ச் பார்க்க நல்ல இடம் எது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒரே கடைதான். பழைய மூணாறு மைதானத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பெயர்ப் பலகை மழையில் வெளுத்துவிட்டது, படிக்க முடியாது. மேட்ச் போடும் மலப்புறத்து இக்காவின் சாயாக்கடை என்று கேட்டால் எந்த ஆட்டோக்காரரும் காட்டிவிடுவார்.

ஒரு டிவி, சுவரை ஒட்டிச் சில பெஞ்சுகள், தகரக் கூரை. அவ்வளவுதான் கடை. பால் சேர்க்காத கட்டன் சாயா பத்து ரூபாய். சுலைமானி என்கிற கட்டன் சாயாவில் எலுமிச்சையோடு ஏலக்காயும் தட்டிப் போடுவார். குளிருக்கு அதைவிட நல்லது கிடையாது. பரோட்டாவைக் கல்லிலிருந்து எடுத்து அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் பட்டென்று அடித்துத்தான் தட்டில் வைக்கிறார். தொட்டால் ஏடு ஏடாகப் பிரியும். கூட வரும் பீஃப் வறுவலில் தேங்காய்க் கொத்து தாராளமாக இருக்கும். சில நாள் உப்பு தூக்கலாகிவிடுகிறது. சொன்னால் முகம் சுளிக்காமல் வேறு வைத்துத் தருவார்.

நல்ல பரோட்டா மூணாறில் வேறு கடையிலும் கிடைக்கும். நம் டீம் தோற்ற ராத்திரியில் நிம்மதியாக உட்கார்ந்திருக்க இடம் கிடைப்பதுதான் கஷ்டம். இந்தக் கடையில் அதற்கு ஒரு சட்டம் உண்டு: தோற்றவன் கிளாஸ் காலியாகும்வரை அவனை யாரும் கலாய்க்கக் கூடாது. இக்கா இதை எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. யாராவது மீறினால் கல்லாவிலிருந்தே, "டேய், அவன் சாயா குடிக்கட்டும்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குக் கடை அடங்கும்.

இந்தச் சட்டத்தின் பலனை அதிகம் அனுபவித்தவர்கள் நாங்கள்தான். நாங்கள் என்றால் நானும் அப்பாவும், இங்கிலாந்தின் லிவர்பூல் டீமின் ஆட்கள். அப்பா தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தவர், எஸ்டேட் டீமின் கோல்கீப்பர். 2005 மே மாதம் இஸ்தான்புல்லில் இடைவேளைக்குள் மிலானிடம் மூன்று கோல் வாங்கிய லிவர்பூல், மூன்றையும் திருப்பி அடித்துப் பெனால்டியில் ஐரோப்பாக் கப்பைத் தூக்கியதே, அந்த ராத்திரியில் அவருக்குப் பிடித்த பைத்தியம் இது. அந்த டீம் 1990-க்குப் பிறகு சொந்த நாட்டு லீக்கை ஜெயித்ததே இல்லை என்பது அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது. தெரிந்தும் அவர் மாறவில்லை. எப்படி மாறுவார்? எஸ்டேட் டீம்கள் மோதும் ஃபின்லே ஷீல்டு ஆட்டத்துக்கு எஸ்டேட் எஸ்டேட்டாக ஜனம் இறங்கி வருவதைப் பார்த்து வளர்ந்தவர். அவருடைய டீம் ஷீல்டை எடுத்ததே கிடையாது. முதல் ஆட்டத்திலேயே வெளியே போன வருஷங்களிலும் அவர்களுக்காக வந்த கூட்டம் குறையவில்லை. தேயிலை கிள்ளிய கையோடு வந்து நின்ற அத்தைமார்களை அவர் இன்றைக்கும் சொல்வார்.

2011-ல் மான்செஸ்டர் யுனைடெட் 19-வது லீக்கை எடுத்து லிவர்பூலின் 18-ஐத் தாண்டியது. கடையில் யுனைடெட் ஆள் ஒருவர் உண்டு, ஜீப் ஓட்டும் அண்ணன். அன்றைக்கு அப்பாவின் கிளாஸையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அப்பா கடைசி வாய் குடித்து முடித்ததும் ஆரம்பித்தார் பாருங்கள், கடை அதிர்ந்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சட்டம் இல்லாமலிருந்தால் எழுந்து வந்திருப்பார், மறுபடி போயிருக்க மாட்டார்.

2014 ஏப்ரல் 27-ஐச் சொல்லாமல் இந்தக் கடையைப் பற்றி எழுத முடியாது. தொடர்ந்து 11 ஆட்டம் ஜெயித்து முதலிடத்தில் இருந்த லிவர்பூல், சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் செல்சியோடு மோதிய ஞாயிற்றுக்கிழமை. இடைவேளைக்குச் சற்று முன்னால் சாக்கோ கொடுத்த சாதாரணப் பாஸ் கேப்டன் ஜெரார்டின் காலில் நிற்கவில்லை. திரும்பியவர் வழுக்கி விழுந்தார். டெம்பா பா பந்தோடு ஓடிக் கோல் போட்டார். கடைசியில் 0-2. எட்டு நாள் கழித்துக் கிறிஸ்டல் பேலஸோடு 3-0 என்று முன்னால் இருந்துவிட்டு, கடைசிப் பதினொரு நிமிஷத்தில் மூன்றையும் விட்டார்கள். அது இங்கே நடுராத்திரி பன்னிரண்டரைக்கு ஆரம்பித்த ஆட்டம். இருந்தது கொஞ்சம் பேர்தான், ஆனாலும் இக்கா ஷட்டரை இறக்கவில்லை. "மோளே, அப்பாக்கு ஒரு சுலைமானி கூடப் போடட்டா?" என்று என்னிடம் கேட்டார். அப்பா தலையாட்டினார். மேட்சைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஜீப் அண்ணன்தான் எங்களை லயம்வரை, அதாவது எஸ்டேட் வரிசை வீடுகள்வரை, கொண்டுவந்து விட்டார். வழியில் எஸ்டேட் ரோடு போட்டதைப் பற்றி மட்டும் பேசினார்.

க்ளாப் கோச்சாக வந்த பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2018-19-ல் 97 புள்ளி, தோற்றது ஒரே ஒரு ஆட்டம், அப்படியும் 98 எடுத்த மான்செஸ்டர் சிட்டிக்குப் பின்னால்தான். அதே மே மாதம் சாலாவும் ஃபிர்மினோவும் இல்லாமல் பார்சிலோனாவை 4-0 என்று அடித்ததைக் கடையில்தான் பார்த்தோம். அலெக்ஸாண்டர்-அர்னால்டு கார்னரைச் சட்டென்று எடுத்து ஒரிகி நாலாவது கோலைப் போட்டபோது, கேமராவே பிந்தித்தான் திரும்பியது. முதலில் கோல் என்று கத்தியது கல்லாவில் இருந்த இக்கா.

அப்புறம் 2020. ஜூன் 25 அன்று சிட்டி செல்சியிடம் 1-2 என்று தோற்றதால் லிவர்பூலுக்கு லீக் உறுதியானது. 30 வருஷக் காத்திருப்பு, தன் டீம் ஆடாத ஒரு ராத்திரியில் முடிந்தது. கொரோனாவால் ராத்திரி ஒன்பதுக்கு மேல் வெளியே வரக்கூடாத காலம், கடை பூட்டு. நானும் அப்பாவும் லயத்தில் ஃபோனில் பார்த்தோம். ஜூலையில் ஆளில்லாத ஆன்ஃபீல்டில் கப்பைத் தூக்கினார்கள். கடை திறந்ததும் ஒருநாள் எல்லோருமாகக் கூடிக் கொண்டாடுவது என்று பேசிவைத்திருந்தோம். ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறுக்குப் பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் போனார்கள். எங்கள் ஜனம், எங்கள் மாதிரியே லயத்தில் தூங்கியவர்கள். அதற்குப் பிறகு யாரும் கப் பேச்சை எடுக்கவில்லை.

அதனால்தான் 2025 ஏப்ரல் 27 எங்களுக்கு அவ்வளவு பெரியது. ஜெரார்டு வழுக்கிய அதே தேதி, அதே ஞாயிற்றுக்கிழமை. லீக்கை உறுதி செய்ய ஒரு புள்ளி போதும், எதிரில் டாட்டன்ஹாம். ஒன்பது மணி ஆட்டத்துக்கு ஏழரைக்கே பெஞ்ச் நிறைந்துவிட்டது. பன்னிரண்டாவது நிமிஷம் சொலாங்கே தலையால் முட்டிப் போட்டார். அப்பா கையில் இருந்த பரோட்டாவைத் தட்டில் வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் டியாஸ் கோல் போட, ஆஃப்சைட் என்று கொடி தூக்கினார்கள். வீடியோவில் பார்த்துக் கோல்தான் என்று சொல்லும்வரை இக்கா சாயா ஆற்றுவதை நிறுத்திவிட்டு, ஒரு கையில் டம்ளரும் மறு கையில் கோப்பையுமாக அப்படியே நின்றார். மக்காலிஸ்டர் பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடித்த இடது கால் அடிக்குப் பிறகு பயம் போய்விட்டது. 5-1. இருபதாவது லீக். ஆன்ஃபீல்டில் அன்று ஜனம் இருந்தது, கடையிலும் இருந்தது. ஜீப் அண்ணன் அப்பாவைத் தோளில் தூக்கப் பார்த்தார். அறுபது தாண்டிய மனுஷன், வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கழிவறை பின்னால் இருக்கிறது, விளக்கு கிடையாது. பெண்கள் போனால் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். இதை இக்காவிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன், செய்ய வேண்டும். மற்றபடி உள்பக்கச் சுவரோரம் உள்ள பெஞ்சைப் பெண்களுக்கும் குடும்பத்துக்கும் விட்டுவிடுவார்கள், யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை. ஆடி மழையில் நெட் அடிக்கடி அறுந்துபோகும். காட்டானை நடமாடும் ரோடு என்பதால் பாதிராத்திரி ஆட்டம் முடிந்து பைக்கில் தனியாக எஸ்டேட்டுக்குத் திரும்ப இக்கா விடமாட்டார். யார் ஜீப்பிலாவது சேர்த்துத்தான் அனுப்புவார். வண்டியைக் காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரையைக் கழிவறைக்குப் பிடித்துக்கொண்டேன்.

முதல் தடவை போகிறவர்கள் நம்ம கேரளா ப்ளாஸ்டர்ஸ் ஆட்டம் இருக்கும் நாளில் போங்கள். 2014, 2016, 2022 என்று மூன்று ஃபைனல் தோற்ற டீம், கடைசி இரண்டும் பெனால்டியில். ஆனாலும் அன்றைக்குக் கடை முழுக்க மஞ்சள்தான். ஜீப் அண்ணனும் அப்பாவும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்ப் பரோட்டாவைச் சொல்லிவிடுங்கள். ஆட்டம் தொடங்கிவிட்டால் இடைவேளைவரை இக்கா கல்லுப் பக்கம் வரமாட்டார்.