கிராம் பார்சன்ஸ்: எந்த ஆல்பத்தை வைத்து இவரை மதிப்பிடுவது?

அமெரிக்கக் கன்ட்ரி ராக் பாடகர் கிராம் பார்சன்ஸ் பெயரைச் சொன்னதும் பலருக்கு ஞாபகம் வருவது அவருடைய சவப்பெட்டி திருடுபோன கதைதான். 1973 செப்டம்பர் 19 அன்று கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீயில், ஒரு மோட்டல் அறையில், மார்ஃபினும் மதுவும் சேர்ந்து 26 வயதில் ஆளை முடித்துவிட்டன. ரோட் மேனேஜர் ஃபில் காஃப்மன் ஒரு கூட்டாளியோடு லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்திலிருந்து உடலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாலைவனத்தில் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார். இந்தக் கதையிலிருந்தே ஆரம்பிப்பதால் பலர் நேராகப் போய் நிற்பது 'க்ரீவஸ் ஏஞ்சல்' ஆல்பத்தில். அவர் இறந்த பிறகு 1974 ஜனவரியில் வந்தது அது. நல்ல ஆல்பம்தான், ஆனால் அவருடைய ஆகச் சிறந்த வேலை அது இல்லை என்பது என் கட்சி. அவர் பெயர் நிற்கும் நான்கு ஆல்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் அது தெரிந்துவிடும்.

முதலில் பேர்ட்ஸ் என்ற ராக் குழுவோடு செய்த 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் த ரோடியோ', 1968. கிராமத்து மணம் வீசும் கன்ட்ரி இசையையும் ராக்கையும் கலந்த கன்ட்ரி ராக் என்ற வகைக்கே அடித்தளம் என்று சொல்லப்படும் ஆல்பம். குழுத் தலைவர் ரோஜர் மெக்வின் அமெரிக்க இசை வரலாறு முழுவதையும் ஒரே ஆல்பத்தில் சொல்லும் திட்டத்தில் இருந்தார், புதிதாகச் சேர்ந்த இந்தப் பையன் மொத்தக் குழுவையும் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் பக்கம் திருப்பிவிட்டான். அது பெரிய சாதனை. ஆனால் லீ ஹேஸல்வுட்டின் இசைத்தட்டு நிறுவனத்தோடு பார்சன்ஸுக்கு இருந்த பழைய ஒப்பந்தம் சிக்கலாகி, அவர் பாடிய சில பாடல்களில் குரலை எடுத்துவிட்டு மெக்வின் குரலைப் போட்டார்கள். 'ஹிக்கரி விண்ட்' தப்பித்தது. எடுத்துவிட்ட அந்தக் குரல்கள் 1990இல் வந்த பேர்ட்ஸ் தொகுப்பில்தான் வெளியே வந்தன. ஆக 1968இல் கடையில் வாங்கியவர்கள் கேட்டது பாதி பார்சன்ஸை. அது வெளிவருவதற்கு முன்பே, நிறவெறி இருந்த தென்னாப்பிரிக்காவுக்குப் பயணம் போக மறுத்து அவர் குழுவை விட்டு விலகியும்விட்டார். இதை வைத்து அவரை எடைபோடுவது நியாயமில்லை.

அடுத்த வருடம் வந்தது 'த கில்டெட் பேலஸ் ஆஃப் சின்'. பேர்ட்ஸை விட்டு வந்த கிறிஸ் ஹில்மனோடு சேர்ந்து ஆரம்பித்த ஃப்ளையிங் பரீட்டோ பிரதர்ஸின் முதல் ஆல்பம். பில்போர்டில் 164ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை, அதாவது யாரும் வாங்கவில்லை. ஆனால் நான்கில் இது ஒன்றுதான் அதற்கு முன் யாரும் கேட்டிராத சத்தம். ஸ்னீக்கி பீட் க்ளைனோ கன்ட்ரி இசைக்கே உரிய தன் பெடல் ஸ்டீல் கிட்டாரை, சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஃபஸ் கருவி வழியாக விட்டு எலக்ட்ரிக் கிட்டார் போலக் கர்ஜிக்க வைக்கிறார், அதன் மேல் எவர்லி பிரதர்ஸ் பாணியில் இரண்டு குரல்கள் சுத்தமாக ஒட்டிப் போகின்றன. அரீதா ஃப்ராங்க்ளினும் ஜேம்ஸ் காரும் பாடிய சோல் பாடல்களை எடுத்துக் கன்ட்ரியாகப் பாடுகிறார்கள், அவை முதலிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும் என்று நம்பும்படி. 'சின் சிட்டி' தேவாலயப் பாட்டு மாதிரி ஆரம்பிக்கும், உள்ளே போனால் லாஸ் ஏஞ்சலஸ் மீதும், 31ஆவது மாடியில் தங்க முலாம் பூசிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மேனேஜர் மீதும் கொதிக்கும் கோபம். வியட்நாம் போருக்கு ஆள் சேர்க்கும் கடிதம் வந்ததையும் பாட்டாக்கியிருக்கிறார்கள். அப்புறம் குழுவின் பாஸ் கிட்டார் வாசிப்பாளர் கிறிஸ் எத்ரிட்ஜோடு எழுதிய 'ஹாட் பரீட்டோ நம்பர் 1'. அந்தப் பாட்டில் அவர் குரல் உடையும் இடத்தைக் கேட்டுவிட்டு, இவர் பாடகரே இல்லை என்று இன்னும் யாராவது சொன்னால் அவரோடு வாதாட எனக்குப் பொறுமை கிடையாது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 'சின் சிட்டி', 'வீல்ஸ்' எல்லாம் ஹில்மனும் சேர்ந்து எழுதியவை. பிறகு பாடகி எமிலூ ஹாரிஸைப் போய்க் கேள் என்று பார்சன்ஸிடம் சொன்னதும் ஹில்மன்தான். பார்சன்ஸ் இறந்து புனிதராகிவிட்டார், ஹில்மன் உயிரோடு இருந்து ஒழுங்காக வேலை பார்த்தார், அதனாலேயே பாதிப் பங்கு மறந்துபோனது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தனி ஆல்பங்களில் முதலாவது 'ஜிபி', 1973 ஜனவரி. எல்விஸ் பிரெஸ்லியின் குழுவிலிருந்து ஜேம்ஸ் பர்டன், க்ளென் டி. ஹார்டின், ரானி டட் ஆகியோரைப் பணம் கொடுத்துக் கூட்டி வந்தார். எமிலூ பக்கத்தில் நின்று பாடினார். குரல் சில இடங்களில் ஆடுகிறது, ஆனால் 'ஷீ', 'எ சாங் ஃபார் யூ' இரண்டும் எந்தக் கணக்கிலும் முதல் வரிசை.

'க்ரீவஸ் ஏஞ்சல்' இதைவிட மெருகானது. எமிலூவுடன் இணைந்த குரல் இங்கேதான் முழுசாகக் கனிந்தது, 'லவ் ஹர்ட்ஸ்' கேட்டால் போதும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அவர் புதிதாக எழுதிக் கொண்டுவந்தது தலைப்புப் பாடலும், எமிலூவோடு எழுதிய 'இன் மை அவர் ஆஃப் டார்க்னஸ்' பாடலும்தான். 'ப்ராஸ் பட்டன்ஸ்' அறுபதுகளின் நடுவில் எழுதியது, 'ஊ லாஸ் வேகஸ்' போன ஆல்பத்தில் மிச்சமானது, 'ஹிக்கரி விண்ட்' மறுபடி வருகிறது, அதுவும் கூட்டத்தின் சத்தத்தைப் பின்னால் ஒட்டிப் பொய்யாக 'லைவ்' ஆக்கப்பட்டு. கையில் சரக்கு தீர்ந்துகொண்டிருந்த ஒருவரை அற்புதமான வாத்தியக்காரர்கள் தாங்கிப் பிடித்த ஆல்பம் இது. மரணம் நடந்திருக்காவிட்டால் இதைவிட 'ஜிபி'யைத்தான் மேலே வைத்திருப்போம் என்று நினைக்கிறேன். அட்டையில் எமிலூவுக்கும் இடம் கொடுக்கத்தான் திட்டம் இருந்தது, பார்சன்ஸின் மனைவி அதை எடுத்துவிட்டார். அப்படிச் செய்தும், பார்சன்ஸின் பெயரை அணையாமல் காத்தது எமிலூதான். 1975இல் அவருக்காக ஒரு பாடல் எழுதினார், அவர் பாடல்களை மேடை மேடையாகக் கொண்டுபோனார், 1999இல் அஞ்சலி ஆல்பத்தை முன்னின்று நடத்தினார்.

அதிகாரபூர்வ மரியாதை விஷயத்தில் கதை வேறு. பேர்ட்ஸ் 1991இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது குழுவின் முதல் ஐந்து பேர் மட்டும், பார்சன்ஸ் இல்லை. நாஷ்வில்லின் கன்ட்ரி ஹால் ஆஃப் ஃபேமில் எமிலூ 2008இல் நுழைந்தார், ஜேம்ஸ் பர்டன் 2024இல் நுழைந்தார். கஞ்சா இலையும் மாத்திரைகளும் பூ வேலை செய்த பார்சன்ஸின் வெள்ளை சூட், நூடி என்ற தையல்காரரின் கடையில் தைத்தது, அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டது, அதைப் போட்டிருந்தவருக்கு உறுப்பினர் இடம் தரப்படவில்லை.

சரி, வாங்குவதென்றால்? 2001இல் ரைனோ நிறுவனம் போட்ட இரண்டு தட்டுத் தொகுப்பு வசதியானது, ஆனால் எல்லாவற்றையும் கலந்து கொடுப்பதால் 'கில்டெட் பேலஸ்' எவ்வளவு துணிச்சலான ஆல்பம் என்பது அதில் தெரியாது. அதைத் தனியாக, முழுசாகக் கேளுங்கள். அடுத்து தனி ஆல்பங்கள் இரண்டும் ஒரே சிடியில் சேர்ந்து வந்த பதிப்பு போதும், 2006இன் மூன்று தட்டு ரிப்ரைஸ் பெட்டி ஏற்கெனவே பித்துப் பிடித்தவர்களுக்கு. நேரடிப் பதிவு வேண்டுமானால் ஃப்ளையிங் பரீட்டோ பிரதர்ஸின் 1969 அவலான் பால்ரூம் பதிவைவிட 1973 மார்ச்சில் நியூயார்க்கின் ஹெம்ப்ஸ்டெட்டில் வானொலிக்காகப் பாடியதையே எடுப்பேன், எமிலூ இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக.