இருட்டுக் குடிலில் ஒரு பகல்: மினசோட்டாவின் ஈட்டி மீன்பிடிச் சேவை ஒன்றின் மதிப்புரை

உறைந்த ஏரியின் மேல் குடில் அமைத்து, பனிக்கட்டியில் வெட்டிய துளை வழியாக ஈட்டியால் நார்தர்ன் பைக் மீனைப் பிடிப்பது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் பழைய வழக்கம். குடில், ஈட்டி, வழிகாட்டி எல்லாவற்றையும் ஒரு நாள் வாடகைக்குத் தரும் சேவை ஒன்றை ஜனவரியில் நானும் என் மைத்துனரும் பயன்படுத்தினோம். குடிலிலும் வழிகாட்டியிடத்திலும் எனக்குக் குறையே இல்லை. ஆனால் நேரத்தைத் திட்டமிட்டதில் அவர்கள் எங்கள் நாளின் நல்ல பகுதியை வீணாக்கினார்கள்.

குடிலுக்கு ஜன்னல் கிடையாது, உட்சுவர்களில் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள், கதவிடுக்குகளையும் துணியால் அடைத்திருந்தார்கள். கதவைச் சாத்திக் கண் பழகியதும், பனிக்கட்டியின் ஊடாக ஏரிக்குள் இறங்கும் பகல் வெளிச்சத்தில் துளை பச்சையாக ஒளிரத் தொடங்கியது; எட்டடி ஆழத்தில் நீர்ச்செடிகளின் ஒவ்வொரு இலையும் தெரிந்தது. துளையின் ஓரங்களை அடிப்பக்கம் அகலும்படி சாய்வாக வெட்டியிருந்ததால் பக்கவாட்டில் வரும் மீனையும் முன்னதாகவே காண முடிந்தது. இந்த வேலைத்திறனுக்காகவே இச்சேவையைப் பரிந்துரைப்பேன். ஹீட்டரின் புகை குழாய் வழியே வெளியேறியது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் இருந்தது. நடந்து செல்லத் தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலம் தேவை. வழிகாட்டி எங்கள் முன்னாலேயே துளையிட்டு 14 அங்குலம் இருப்பதை அளந்து காட்டினார்.

அவர் கற்பித்த விதம் இன்னும் மேலானது. ஈட்டியை ஓங்கி எறியக் கூடாது, முனைகளை ஓசையின்றி நீருக்குள் இறக்கி, மீன் நேர் கீழே வந்ததும் ஈட்டியின் எடையே அதைக் கொண்டுசெல்லும்படி விட வேண்டும் என்று செய்து காட்டினார். உலோகத் துடுப்பும் வயிற்றில் ஈயமும் வைத்த மர மீனைச் சிறு கோலால் வட்டமிடச் செய்து பைக்கை ஈர்ப்பதையும் அவரிடமே கற்றோம். ஈட்டி பட்ட மீனைத் திரும்ப விட வழியில்லை என்பதால், குத்தும் முன்பே நீளத்தையும் இனத்தையும் முடிவு செய்தாக வேண்டும். அதற்காக அடித்தளத்தில் 24 அங்குல வெள்ளைக் கோல் ஒன்றைப் போட்டுவைத்திருந்தார். பைக்கின் கருமையான உடலில் வெளிர் புள்ளிகள் இருக்கும், ஈட்டியால் பிடிக்கத் தடை உள்ள, பைக்கைப் போன்ற மஸ்கி என்னும் மீனிலோ வெளிர் உடலில் கரும் குறிகள் இருக்கும் என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பொறுப்புணர்வை மதிக்கிறேன்.

இனி என் வருத்தம். சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரைதான் ஈட்டியைப் பயன்படுத்த அனுமதி. ஜனவரியில் மாலை ஐந்து மணியையொட்டி இருட்டிவிடும். அப்படியிருந்தும் காலை பத்து மணிக்கு வந்தால் போதும் என்றார்கள். வந்த பின்னரே துளையை வெட்டத் தொடங்கி, செயின்சாவின் இரைச்சலிலும் பனிக்கட்டிப் பாளங்களை இழுத்து வெளியேற்றுவதிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. அந்த அரவத்துக்குப் பின் நெடுநேரம் ஒரு மீன்கூட வரவில்லை. மூன்று மணிக்கு மேல் வந்த ஒரே பைக்கை மைத்துனர் பிடித்தார். முந்தைய நாளே வெட்டிவைத்திருந்தால் காலையில் மேலே படிந்த மெல்லிய ஏட்டை உடைப்பதோடு வேலை முடிந்திருக்கும்.

ஆகவே முன்பதிவு செய்பவர்கள், துளை எப்போது வெட்டப்படும் என்பதையும் ஏரி நீரின் தெளிவையும் தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மீன்பிடி உரிமத்தோடு ஈட்டிக்கான தனி உரிமமும் வேண்டும். அதை நீங்களேதான் வாங்க வேண்டும். பருவம் நவம்பர் நடுவில் தொடங்கி பிப்ரவரியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. பனிக்கட்டி நன்கு தடித்த பிறகு, அதன் மேல் வெண்பனி அதிகம் சேரும் முன்னர் செல்வதே நல்லது, ஏனெனில் வெண்பனி கூடக் கூட நீருக்குள் வெளிச்சம் குறைகிறது. அடுத்த பருவத்துக்கு அதே வழிகாட்டியைக் கேட்டிருக்கிறோம். முந்தைய மாலையே துளை வெட்டித் தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.