கவினுக்கு நடுப்பெயர்: தாத்தா பெயரா, வேலா?

அமெரிக்காவில் பிறக்கும் தமிழ்ப் பிள்ளைக்குப் படிவத்தில் மூன்று கட்டங்கள். முதலில் கவின், கடைசியில் அப்பா பெயர் இளங்கோ என்று வைத்துக்கொள்வோம். நடுவில் தாத்தாவின் சுப்பிரமணியமா, சின்னதாக வேலா?

ஓசையில் வேல்தான் முந்துகிறது. 'கவின் வேல் இளங்கோ' என்று வேகமாகச் சொன்னால் 'வேலிளங்கோ' எனத் தானாக ஒட்டிக்கொள்ளும். 'கவின் சுப்பிரமணியம் இளங்கோ'வில் மூன்றெழுத்துப் பெயருக்குப் பின்னால் ஒரு நீண்ட ரயில் வருகிறது. ஆங்கில எழுத்திலும் சிக்கல் உண்டு. சுப்பிரமணியம், சுப்ரமணியன், சுப்ரமண்யம் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பாஸ்போர்ட்டில் இன்னொன்று என்றாகிவிட்டால் பிறகு அலைச்சல்தான். வேலுக்கு அந்தத் தொல்லை குறைவு.

ஆனாலும் நான் தாத்தா பக்கம். பேரன் என்ற சொல்லே 'பெயரன்', அதாவது பெயரைத் தாங்குபவன் என்பதிலிருந்து வந்தது. 1910இல் பிறந்த வானியற்பியலாளர் சந்திரசேகருக்கும் அப்பா வழித் தாத்தாவின் பெயர்தான். தினமும் கூப்பிட கவின் இருக்கிறது. நடுப்பெயர் நீளமாக இருந்தால் நாக்குக்கு என்ன கஷ்டம்? ஒரே எழுத்துக்கூட்டலை முதல் நாளே முடிவு செய்து, எல்லா ஆவணத்திலும் அதையே எழுதினால் போதும்.

தாத்தா பெயர் ஏற்கெனவே பெரியப்பா பையனுக்குப் போயிருந்தால், சரி, வேல் வையுங்கள். அதுவும் முருகனுடையதுதானே.