கோட்டிங் போட்ட ஏடி கல்: நாள்பட்ட பிறகு எப்படி இருக்கிறது?

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைப் பக்கக் கடைகளில் ‘வைரம் மாதிரி’ என்று எடுத்துக் காட்டும் கம்மல் பெரும்பாலும் ஏடி (அமெரிக்கன் டைமண்ட்) கல்தான், அதாவது கியூபிக் சிர்கோனியா என்ற செயற்கைக் கல். கோட்டிங் போட்டதற்குத் தனி விலை. அந்தக் கூடுதல் காசு கம்மலுக்குத் தகும், மோதிரத்துக்குத் தகாது.

நேராக விழும் வெளிச்சத்தில் வைரத்தின் மேற்பரப்பு 17 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஏடி கல்லுக்கு 13, 14தான். ஒளிவிலகல் எண் கூடிய கார்பன் பூச்சு அந்த இடைவெளியைக் கொஞ்சம் அடைக்கும். கல்லின் முகத்தில் கனமான ஒரு பளபளப்பு ஏறும். ஆனால் வானவில் நிறம் அதிகமாகத் தெறிப்பது (நிறப்பிரிகை ஏடிக்கு 0.060, வைரத்துக்கு 0.044) கல்லோடு பிறந்தது, பூச்சால் போகாது. வைரமா என்று சூட்டை வைத்துப் பார்க்கும் டெஸ்டர் பேனாவும் ஏமாறாது. வெப்பம் கடத்துவதை மாற்றுகிற அளவுக்குப் பூச்சுக்குக் கனம் கிடையாது.

தேய்மானம் பட்டைகள் சந்திக்கும் விளிம்பில் தொடங்கும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடியைப் பிடித்து, ட்யூப்லைட் வெளிச்சம் கல்மேல் ஓடும்படி மெல்லச் சாய்த்தால், விளிம்போரம் நூலிழை போல நிறம் மாறித் தெரியும். பாத்திரம் கழுவும் கையில் கிடக்கும் மோதிரத்தில் ஓர் ஓணத்துக்கும் அடுத்த ஓணத்துக்கும் இடையிலேயே இது வந்துவிடும். ரோஸ், நீலப் பூச்சுகளைக் கல்லின் அடிப்பக்கம் போடுவார்கள். கூடு காப்பதால் நெடுநாள் தாங்கும். ஆனால் ஒரு கீறல் விழுந்தால் போதும், மேலிருந்தே வெள்ளைத் திட்டு தெரியும்.

‘கோட்டிங் போயிடுச்சு’ என்று கொண்டுவரும் கம்மலில் பல நேரம் குற்றவாளி தேங்காயெண்ணெய். அடிப்பட்டையை எண்ணெய் மூடினால், மேலே திரும்ப வேண்டிய ஒளி கீழே கசிந்துவிடும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, பத்து நிமிடம் ஊறவைத்து, குழந்தைகள் பிரஷால் பின்பக்கத்தை மெதுவாகத் தேய்த்தால் போதும். பூந்திக்கொட்டைத் தண்ணீரும் சரி. பற்பசை, சாம்பல் வேண்டாம்; இரண்டும் அரம் போல அராவும். ஆசாரியின் பித்தளை பிரஷும் அப்படியே.

பூச்சு ஒரேயடியாகப் போவது ரிப்பேரில்தான். கொக்கி ஒடிந்தால் வெங்காரம் வைத்துப் பற்றவைப்பார்கள். பற்றவைக்கும் வெள்ளிப் பொடி (வெள்ளிக் கலவை) உருக 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கார்பன் பூச்சு 300, 400லேயே கெட ஆரம்பிக்கும். வெறும் ஏடி கல் அந்தச் சூட்டைத் தாங்கும் என்பதால் கல்லோடே ஊதிவிடுவது பட்டறைப் பழக்கம். ‘கல்லைக் கழற்றிட்டுப் பத்தவைங்க ஆசாரி’ என்று நகையைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

மங்கிய கல்லுக்கு மறுபூச்சு தேடி அலைவதைவிடக் கல்லையே மாற்றுவது மலிவு. அளவை மில்லிமீட்டரில் சொல்லுங்கள், காரட் எடையில் வேண்டாம். 6.5 மி.மீ. வட்டக் கல் வைரமென்றால் சுமார் ஒரு காரட். அதே அளவு ஏடி ஒன்றரைக்கும் மேல் நிற்கும்.