கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு எது: இன்டெலா, ரைசனா, மேக் மினியா?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் எடிட்டிங்குக்கு ஒரு சிஸ்டம் வேண்டும் என்று கேட்டால், எத்தனை கோர், எந்த கிராபிக்ஸ் கார்டு, எவ்வளவு ரேம் என்று பேச்சு ஓடும். கேமரா எந்த கோடெக்கில், அதாவது வீடியோவைச் சுருக்கும் எந்த முறையில், பதிவு செய்கிறது என்ற கேள்வி கடைசியில்தான் வரும், பல நேரம் வரவே வராது. என்னைக் கேட்டால் அதைக் கேட்காமல் விலைப்பட்டியலையே திறக்கக் கூடாது.

காரணம் இதுதான். சோனி ஏ7 4 மாதிரியான கேமராக்களில் கேண்டிட் ஆட்கள் எடுப்பது 4கே, 10 பிட், 4:2:2 (கடைசி இரண்டும் நிறத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பதிவு செய்வது என்பதன் அளவுகள்). நிறத்தகவல் கூடுதலாக இருப்பதால் கிரேடிங்கில் (நிறத்தைச் சரிசெய்யும் வேலையில்) பட்டுப்புடவையின் நிறம் உடையாமல் நிற்கும், ஆனால் கோப்பைப் பிரித்துப் படிப்பது சுமை. பெரும்பாலான ஃப்ரேம்கள் முழுப் படங்களே கிடையாது, முன்பின் ஃப்ரேம்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள்தான். டைம்லைனில் நடுவில் ஓரிடத்தில் கிளிக் செய்தால், அந்த ஒரு ஃப்ரேமைக் காட்ட ப்ராசஸர் பின்னால் போய் வரிசையாகக் கணக்குப் போட்டு வர வேண்டும். இதற்கென்றே தனி டீகோடர், அதாவது கோப்பைப் பிரித்துப் படிக்கும் பகுதி, சிப்பில் இருந்தால் டைம்லைன் வழுக்கிக்கொண்டு ஓடும், இல்லாவிட்டால் 16 கோர் இருந்தும் மூன்று கேமராவை ஒன்றாக ஓட்டும் மல்டிகேமில் திணறும்.

முதலில் இன்டெல். 11ஆம் தலைமுறையிலிருந்து டெஸ்க்டாப் ப்ராசஸர்களின் உள் கிராபிக்ஸிலேயே எச்.265 என்ற கோடெக்கின் 4:2:2-க்கு டீகோடர் இருக்கிறது, குயிக் சிங்க் என்பது அதன் பெயர். பல வருடங்கள் எடிட்டர்கள் இன்டெல் பக்கம் நின்றதற்கு முக்கியக் காரணமே இதுதான். ஆயிரம், இரண்டாயிரம் மிச்சம் என்று எஃப் எழுத்தில் முடியும் மாடலைக் கடைக்காரர் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதில் உள் கிராபிக்ஸே கிடையாது. 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்களில் வோல்டேஜ் கோளாறு வந்ததும், 2024இல் இன்டெல் மைக்ரோகோடு (ப்ராசஸருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தம் தந்து வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியதும் தெரிந்திருக்கும். மலிவாகக் கிடைத்து வாங்கினால் பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்த பிறகே வேலையை ஆரம்பியுங்கள். புதிதாக என்றால் கோர் அல்ட்ரா 7 265கே நல்ல தேர்வு.

ஆனால் நம்மூர் ஆட்களைச் சிக்க வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஏ7 4-இல் 4கே-யில் விநாடிக்கு 25 ஃப்ரேமை எச்.265இல் எடுக்கவே முடியாது, 50 ஃப்ரேமுக்குத்தான் அந்த ஃபார்மேட். 25இல் எடுப்பவர்களுக்குக் கிடைப்பது அதற்கு முந்தைய கோடெக்கான எச்.264 4:2:2, அதை இந்தக் குயிக் சிங்க் தொடாது. ஆக, இன்டெல் வாங்கினால் போதும் என்ற பழைய அறிவுரை, 25 ஃப்ரேமில் முகூர்த்தம் முழுக்க எடுப்பவருக்குப் பாதிதான் உதவும்.

இந்த இடத்தில்தான் 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட என்விடியா ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கணக்கை மாற்றியது. எச்.264, எச்.265 இரண்டிலும் 4:2:2-ஐக் கார்டே டீகோட் செய்கிறது, பிரீமியர், டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள்களும் அதே வருடம் அதற்கு ஆதரவு தந்துவிட்டன. 40 வரிசையில் இது இல்லை, அதனால் செகண்ட் ஹேண்டில் 4070 சல்லிசாக வருகிறதே என்று பாய வேண்டாம். டீகோட் வேலையைக் கார்டு எடுத்துக்கொண்டால் 4:2:2-க்கு சிப்பில் டீகோடர் இல்லை என்ற ஏஎம்டி ரைசனின் பழைய குறை மறைந்துவிடுகிறது. ரைசன் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலாவது ஆதரவு என்று ஏஎம்டி சொல்லியிருப்பதால், இன்று ரைசன் 9 9900எக்ஸ் போட்டுவிட்டு பிறகு ப்ராசஸரை மட்டும் மாற்றலாம். கார்டில் 8 ஜிபி 5060 வேண்டாம், 16 ஜிபி 5060 டிஐ எடுங்கள். ரிசால்வில் 4கே வீடியோவின் புள்ளிகளை நீக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் மெமரி போதவில்லை என்று கார்டு கைவிரிப்பது 8 ஜிபியில் சகஜம். இன்னொன்று, விண்டோஸில் ரிசால்வின் இலவசப் பதிப்பு இந்த டீகோடரைச் சரியாகப் பயன்படுத்தாது, 295 டாலர் ஸ்டுடியோ பதிப்பையும் பட்ஜெட்டில் சேருங்கள். ஒரே தடவை கட்டும் பணம்தான்.

மேக் மினி? எம்4 மாடல் 2024இல் 59,900 ரூபாய்க்கு வந்தது, 16 ஜிபி ரேமோடு. எச்.265 4:2:2, ஆப்பிளின் ப்ரோரெஸ் கோடெக் இரண்டுக்கும் சிப்பிலேயே எஞ்சின் இருக்கிறது. மின்சாரம் மிகக் குறைவு, சின்ன யூபிஎஸ்ஸே தாங்கும், சித்திரை மாத மதியத்திலும் ரூம் சூடாகாது. இந்த விலைக்கு இந்த வேகத்தில் பிசி கட்டுவது கஷ்டம் என்பதை நான் தயங்காமல் ஒப்புக்கொள்வேன். ஆனால் அப்போதே ஸ்டோரேஜை 512 ஜிபி ஆக்க 20,000, ரேமை 24 ஜிபி ஆக்க இன்னொரு 20,000 என்று ஏறிக்கொண்டே போனது, வாங்கிய பிறகு ரேமைக் கூட்டவும் முடியாது. கனமான கிரேடிங், நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று போனால் நல்ல ஆர்டிஎக்ஸ் கார்டு முந்திவிடும்.

டிஸ்க் விஷயத்தில் அநாவசியச் செலவு நிறைய நடக்கிறது. 25 ஃப்ரேம் 4:2:2 கோப்பு விநாடிக்கு 140 மெகாபிட், அதாவது மணிக்கு 63 ஜிபி. மூன்று கேமரா சேர்ந்தாலும் விநாடிக்கு 53 எம்பிதான், சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே தாராளம். அதிவேக ஜென் 5 எஸ்எஸ்டிக்குக் கொடுக்கும் காசை பேக்கப் ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள். ரேம் விலை 2025 கடைசியில் எகிறியது, அதற்காக 16, 16 என்று பிரித்து வாங்கி அப்புறம் நாலு குச்சியாக்கலாம் என்று நினைக்காதீர்கள், இப்போதைய ரேம் வகையான டிடிஆர்5இல் நாலு குச்சி போட்டால் வேகம் இறங்கும். 32 ஜிபி இரண்டு, அதோடு சரி.

25 ஃப்ரேமில் எடுக்கும் சோனி ஆட்களுக்கு ரைசனும் 5060 டிஐயும். ரிசப்ஷனை 50 ஃப்ரேமில் எடுத்து ஹைலைட்ஸ் மட்டும் வெட்டித் தருபவருக்கு மேக் மினி போதும், 24 ஜிபி மாடலாகப் பார்த்து எடுங்கள். ஏற்கெனவே 12ஆம் தலைமுறை இன்டெல் வைத்திருப்பவர் எதையும் விற்க வேண்டாம், 50 வரிசைக் கார்டு ஒன்றைச் செருகி, எஸ்.எம்.பி.எஸ் (பவர் சப்ளை) தாங்குமா என்று மட்டும் பாருங்கள்.